மெயில் சர்வரின் சாவி யாரிடம் இருக்கிறது? சிறு நிறுவனங்களுக்கு 'சர்வீஸ் அக்கவுன்ட்' ஏன் தேவை?

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் தோல் பை தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளி திருநெல்வேலிக்காரர். ஒருநாள் மாலை தாதர் ஸ்டேஷன் கூட்டத்தில் அவருடைய செல்போன் தொலைந்துபோகிறது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறார். அவர் செய்தது சரியான காரியம்தான்.

ஆனால் மறுநாள் காலை பட்டறையில் மூன்று வேலைகள் நின்றுபோயிருக்கின்றன. பில்லிங் சாஃப்ட்வேரில் இருந்து இன்வாய்ஸ் மெயில் போகவில்லை. ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்த ஆர்டர் பேப்பர் மெயிலுக்கு வரவில்லை. இரவில் தானாக நடக்கவேண்டிய பேக்கப்பும் நடக்கவில்லை.

"அண்ணாச்சி, பாஸ்வேர்ட் ஏதும் மாத்துனீங்களா?" என்று கேட்கிறார் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி.

"ஆமா தம்பி. போன் தொலஞ்சு போச்சுல்லா."

"அதான் அண்ணாச்சி. எல்லாமே உங்க பாஸ்வேர்ட்லதான் ஓடிட்டிருந்துச்சு."

காட்சி கற்பனைதான். ஆனால் தாராவி பட்டறையோ, மாட்டுங்காவில் ஆடிட்டர் அலுவலகமோ, செம்பூரில் டியூஷன் சென்டரோ, பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் இப்படி நடக்கலாம். வேலை நின்றது சின்னத் தொல்லை. மூன்று மெஷின்களுக்குள் முதலாளியின் பாஸ்வேர்ட் இத்தனை நாள் எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் பெரிய ஆபத்து. அந்த மூன்றில் ஒன்றைத் திறக்கத் தெரிந்த எவரும் முதலாளியின் முழு மெயில்பாக்ஸையும் படித்திருக்கலாம்.

இதற்கான தீர்வுக்குப் பெயர் 'சர்வீஸ் அக்கவுன்ட்'. அது என்ன, எப்படி உருவாக்குவது, தவறினால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

சர்வீஸ் அக்கவுன்ட் என்றால் என்ன?

அலுவலகத்தில் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு லாகின் இருக்கும். அதேபோல, தானாக ஓடும் ஒரு புரோகிராமுக்கும் தனியாக ஒரு லாகின் தருவதுதான் சர்வீஸ் அக்கவுன்ட். அதன் பின்னால் மனிதர் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார். இரவு 2 மணிக்கு பேக்கப் எடுப்பது, வரும் மெயில்களில் வைரஸ் பார்ப்பது, பில்லை பி.டி.எஃப் ஆக்கி அனுப்புவது போன்ற வேலைகளுக்கான அடையாள அட்டை அது.

மும்பைக்காரர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். டப்பாவாலாவிடம் நாம் டப்பாவைத்தான் கொடுக்கிறோம், வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை. அவருடைய வேலைக்கு டப்பா போதும். பில்லிங் சாஃப்ட்வேருக்கு முதலாளியின் பாஸ்வேர்டைக் கொடுப்பது, டப்பாவாலாவிடம் வீட்டுச் சாவியோடு பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்பதற்குச் சமம்.

'டொமைன்' என்ற சொல்லில் ஒரு குழப்பம்

இந்த விஷயத்தைப் பேசும்போது 'டொமைன்' என்ற சொல் இரண்டு அர்த்தங்களில் வரும். பலர் குழம்பும் இடம் இதுதான்.

ஒன்று, இணைய டொமைன். மெயில் முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பெயர். இதை ஒரு பதிவு நிறுவனத்திடம் ஆண்டுக் கட்டணம் கட்டி வாங்குகிறோம்.

மற்றொன்று, அலுவலகத்துக்குள் இருக்கும் விண்டோஸ் டொமைன். எல்லா ஊழியர்களின் லாகின்களையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு. விண்டோஸ் 2000 காலத்தில் இருந்து இதற்கு 'ஆக்டிவ் டைரக்டரி' என்று பெயர். சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்களில் சர்வீஸ் அக்கவுன்ட் பெரும்பாலும் இதற்குள்தான் உருவாக்கப்படும். இந்த டொமைன் முழுவதற்கும் அதிகாரம் உள்ள லாகின்தான் 'டொமைன் அட்மின்'.

மெயில் சர்வருக்கு ஏன் இத்தனை அக்கவுன்ட்கள்?

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் பலருக்கும் தெரிந்த மெயில் சர்வர் மென்பொருள். அதன் 5.5 பதிப்பு வரை சர்வரை ஓட்டவே தனி சர்வீஸ் அக்கவுன்ட் தேவைப்பட்டது. எக்ஸ்சேஞ்ச் 2000-த்தில் இருந்து அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த அடையாளத்திலேயே அது ஓடுகிறது. ஆனால் சர்வரைச் சுற்றி இருக்கும் பேக்கப், ஆர்கைவ், ஆன்டிவைரஸ், ஸ்கேனர், பில்லிங் ஆகியவை உள்ளே நுழைய இப்போதும் லாகின் வேண்டும்.

"எதுக்கு இத்தனை தலைவலி? ஒரே ஒரு டொமைன் அட்மின் பாஸ்வேர்டை எல்லாத்துக்கும் போட்டுட்டா முடிஞ்சுது" என்று நினைக்கத் தோன்றும். அன்றைக்கு அது வேலையும் செய்யும். சிக்கல் பிறகுதான் வரும்.

அதிக உரிமை கொடுத்தால் வேலை எளிதாக நடக்கும் என்ற நம்பிக்கையே சில சமயம் தப்பு. பிளாக்பெர்ரி போன் புழங்கிய காலத்தில் அலுவலக சர்வரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். பிளாக்பெர்ரி சர்வருக்கு ஒரு சர்வீஸ் அக்கவுன்ட் உண்டு. ஊழியரின் பெயரில் மெயில் அனுப்பும் உரிமையை அதற்குத் தரவேண்டும். எல்லோருக்கும் அது சரியாக ஓடும். முதலாளிக்கு மட்டும் மெயில் வரும், பதில் அனுப்ப முடியாது. உரிமையை மறுபடி கொடுத்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு மறுபடி நிற்கும்.

காரணம் இதுதான். 'முதலாளி ஆச்சே' என்று அவருடைய லாகினை டொமைன் அட்மின் குழுவில் சேர்த்து வைத்திருப்பார்கள். அந்தக் குழுவில் உள்ள அக்கவுன்ட்களை ஆக்டிவ் டைரக்டரி தனியாகப் பாதுகாக்கிறது. வழக்கமாக 60 நிமிடத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, வெளியில் இருந்து சேர்க்கப்பட்ட உரிமைகளை அழித்துவிடும். முதலாளியை அந்தக் குழுவில் இருந்து நீக்கினால், பாதுகாப்பு அமைப்பையும் பழையபடி ஆக்கினால், பிரச்னை தீர்ந்துவிடும். மெயில் படிக்கும் லாகின் வேறு, சர்வரை ஆளும் லாகின் வேறு என்று வைத்திருந்தால் அது வந்தே இருக்காது.

பெரிய நிறுவனங்களே சறுக்கிய இடம்

'நம்ம சின்ன கடை, நம்மள யாரு தொடப்போறா' என்று நினைப்பதற்கு முன் இரண்டு சம்பவங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, ஒக்டா. மற்ற நிறுவனங்களுக்கு லாகின் பாதுகாப்பு விற்பதே இந்த அமெரிக்க நிறுவனத்தின் தொழில். 2023 செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை அதன் வாடிக்கையாளர் சேவை அமைப்புக்குள் ஹேக்கர்கள் நுழைந்தார்கள். 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் பார்க்கப்பட்டன. நுழைந்த வழி ஒரு சர்வீஸ் அக்கவுன்ட். ஊழியர் ஒருவர் ஆபீஸ் லேப்டாப்பின் குரோம் பிரவுசரில் தன் சொந்த கூகுள் அக்கவுன்டில் லாகின் செய்திருந்தார். அந்த சர்வீஸ் அக்கவுன்டின் பாஸ்வேர்ட் அதில் சேமிக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட். 2024 ஜனவரி 12-ம் தேதி அந்த நிறுவனம் ஓர் ஊடுருவலைக் கண்டுபிடித்து, ஒரு வாரத்தில் வெளியே சொன்னது. ரஷ்யாவுடன் தொடர்புடையதாகச் சொல்லப்படும் 'மிட்நைட் பிளிஸார்ட்' என்ற குழு 2023 நவம்பர் கடைசியிலேயே நுழைந்துவிட்டது. யாரும் கவனிக்காத ஒரு பழைய டெஸ்ட் அக்கவுன்ட்தான் வாசல். அதற்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. சாதாரண பாஸ்வேர்ட்களைப் போட்டுப் பார்த்தே உள்ளே போய்விட்டார்கள். அங்கே கிடந்த ஒரு பழைய டெஸ்ட் அப்ளிகேஷனுக்கு யாரோ எப்போதோ அளவுக்கு மீறிய உரிமை கொடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, எல்லா மெயில்பாக்ஸையும் திறக்கக்கூடிய உரிமையைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். மூத்த அதிகாரிகளின் மெயில்கள் வரை படிக்கப்பட்டன.

இரண்டு சம்பவங்களிலும் தொடக்கம் ஒன்றுதான். மனிதர் பயன்படுத்தாத ஒரு லாகின், தேவைக்கு மேல் உரிமை, கேட்பதற்கு ஆள் இல்லாத நிலை.

சிறு வியாபாரிக்கு என்ன இழப்பு?

மெயில்பாக்ஸுக்குள் நுழைந்தவர்கள் உடனே சத்தம் போடுவதில்லை. வாரக்கணக்கில் சும்மா படித்துக்கொண்டிருப்பார்கள். எந்த வாடிக்கையாளர், எவ்வளவு பணம் தரவேண்டும், எந்தத் தேதியில் தருவார், நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். வரும் மெயில்களின் நகல் தங்களுக்கும் வரும்படி ஒரு ஃபார்வர்ட் ரூல் போட்டு வைப்பார்கள்.

பணம் வரவேண்டிய நேரத்தில் உங்கள் முகவரியில் இருந்தே வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போகும். 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த முறை இதில் போடுங்கள்' என்று இருக்கும். துபாயிலோ ஜெர்மனியிலோ இருப்பவர் நம்பிப் போட்டுவிடுவார். சரக்கும் போய்விடும், பணமும் வராது. 'உங்க மெயில்ல இருந்துதானே வந்துச்சு' என்று அவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

இந்த வகை மோசடியால் 2024-ல் மட்டும் சுமார் 277 கோடி டாலர் இழப்பு என்கிறது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அது அவர்களிடம் வந்த புகார்களின் கணக்கு மட்டுமே.

சரி, எப்படி உருவாக்குவது?

சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் தங்கள் ஐ.டி. ஆளிடம் கேட்க வேண்டியவை இவை:

1. ஒரு வேலைக்கு ஓர் அக்கவுன்ட். பேக்கப்புக்கு ஒன்று, ஸ்கேனருக்கு ஒன்று, பில்லிங்குக்கு ஒன்று. பெயரைப் பார்த்தாலே அது என்ன வேலைக்கு என்று தெரியவேண்டும். ஒன்று திருடுபோனால் அதை மட்டும் நிறுத்தலாம், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும்.

2. டொமைன் அட்மின் குழுவில் சேர்க்கக் கூடாது. சாஃப்ட்வேர் விற்பவர் 'அட்மின் குடுத்தாதான் ஓடும்' என்று சொன்னால், சரியாக எந்தெந்த உரிமைகள் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பில்லிங் அக்கவுன்டுக்கு, பில் மெயில்பாக்ஸில் இருந்து அனுப்பும் உரிமை போதும். மற்றவர்களின் மெயிலைப் படிக்கும் உரிமை அதற்கு எதற்கு?

3. மனிதர் நுழைய முடியாதபடி பூட்ட வேண்டும். விண்டோஸில் ஓர் அக்கவுன்டுக்கு 'சர்வீஸாக ஓடும்' உரிமையைக் கொடுத்து, கீபோர்ட் முன் உட்கார்ந்து லாகின் செய்வதையும் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைவதையும் தடுக்க முடியும். அப்படிச் செய்துவிட்டால், அந்த பாஸ்வேர்டை வைத்து ஒருவர் சாதாரணமாக உள்ளே வந்து உட்கார முடியாது.

4. பாஸ்வேர்டை மனிதர் வைக்காமல் இருப்பதே நல்லது. விண்டோஸ் சர்வர் 2012-ல் இருந்து, பாஸ்வேர்டை டொமைனே உருவாக்கி, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்ளும் அக்கவுன்ட் வகை இருக்கிறது. அதை யாரும் மனப்பாடம் செய்யவும் முடியாது, நோட்டில் எழுதவும் முடியாது. எல்லா சாஃப்ட்வேரும் இதை ஏற்காது. ஏற்காத இடத்தில் குறைந்தது 25 எழுத்துள்ள, அர்த்தமில்லாத பாஸ்வேர்ட் வைக்க வேண்டும்.

5. எந்த அக்கவுன்ட், எந்த மெஷினில், எதற்காக ஓடுகிறது, பொறுப்பாளர் யார் என்று ஒரு பட்டியல் வேண்டும். பாஸ்வேர்டை அந்தப் பட்டியலில் எழுதக் கூடாது.

நான்காவது விஷயத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? 'கெர்பரோஸ்டிங்' என்று ஒரு தாக்குதல் முறை இருக்கிறது. 2014-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் இதை வெளியே சொன்னார். டொமைனில் சாதாரண லாகின் உள்ள எவரும், சில வகை சர்வீஸ் அக்கவுன்ட்களுக்கான ஒரு 'டிக்கெட்டை' சர்வரிடம் கேட்டு வாங்கலாம். அந்த டிக்கெட் அந்த அக்கவுன்டின் பாஸ்வேர்டை வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். அதைத் தன் கம்ப்யூட்டருக்கு எடுத்துப்போய், கோடிக்கணக்கான பாஸ்வேர்ட்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். இதை உங்கள் சர்வர் தோற்றுப்போன லாகினாக எண்ணாது. பாஸ்வேர்ட் 'மும்பை' என்ற பெயரும் 123-ம் சேர்ந்தது என்றால் சீக்கிரம் உடைந்துவிடும். நீளமாகவும் தாறுமாறாகவும் இருந்தால் காலத்துக்கும் உடையாது என்று சொல்லும் அளவுக்குக் கடினம்.

சர்வரே இல்லை, எல்லாம் கிளவுடில் இருந்தால்?

சிறு நிறுவனங்களில் பலர் இன்று கூகுள், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ போன்ற சேவைகளில்தான் மெயில் வைத்திருக்கிறார்கள். சர்வர் உங்கள் இடத்தில் இல்லையே தவிர, பிரச்னை அதேதான்.

டேலி போன்ற கணக்கு மென்பொருளில் இருந்து ஜிமெயில் வழியாக பில் அனுப்ப, இப்போது சாதாரண பாஸ்வேர்ட் செல்லாது. தனிநபர் ஜிமெயிலுக்கு 2022-லும், நிறுவன அக்கவுன்ட்களுக்கு 2025-லும் கூகுள் அந்த வழியை அடைத்துவிட்டது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை ஆன் செய்து, 'ஆப் பாஸ்வேர்ட்' என்ற 16 எழுத்துக் குறியீட்டை வாங்கிப் போட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆப் பாஸ்வேர்டுக்கு ஓ.டி.பி. எதுவும் கேட்காது. அதை வைத்திருப்பவர் நேராக உள்ளே வரலாம். எனவே முதலாளியின் மெயில்பாக்ஸில் அதை உருவாக்காதீர்கள். பில் அனுப்புவதற்கென்றே ஒரு தனி மெயில்பாக்ஸ் திறந்து, அதில் உருவாக்குங்கள். திருடுபோனாலும் திருடனுக்குக் கிடைப்பது அனுப்பிய பில்கள் மட்டும்தான்.

கூகுளின் நிறுவன சேவையில் 'சர்வீஸ் அக்கவுன்ட்' என்ற பெயரிலேயே ஒரு வசதி இருக்கிறது. அதற்கு 'டொமைன் முழுவதும்' செயல்படும் அதிகாரம் கொடுத்தால், நிறுவனத்தில் உள்ள யாருடைய பெயரிலும் அது மெயில் படிக்கும், அனுப்பும். மாஸ்டர் சாவி மாதிரி. மைக்ரோசாஃப்ட் 365-லும் எல்லா மெயில்பாக்ஸையும் திறக்கும் அப்ளிகேஷன் உரிமை உண்டு. வெளியில் இருந்து வரும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி 'இதுல ஒரு ஓகே மட்டும் அமுக்குங்க சார்' என்று சொல்வது சில சமயம் இந்த உரிமைக்காகத்தான் இருக்கும். அமுக்குவதற்கு முன், எந்த மெயில்பாக்ஸ், என்ன உரிமை என்று கேளுங்கள். இரண்டு சேவைகளிலும் உரிமையைக் குறுக்கிக் கொடுக்க வழி இருக்கிறது.

ஐ.டி. ஆள் வேலையை விட்டுப் போனால்?

பிரச்னை வெளியே தெரிவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். அவருடைய சொந்த லாகினில் ஏதேனும் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால், அதை நீங்கள் மூட முடியாது. மூடினால் பில்லிங் நிற்கும். மூடாவிட்டால், வேலையை விட்டுப் போனவர் கையில் சாவி இருக்கும். சர்வீஸ் அக்கவுன்ட்கள் தனியாக இருந்தால் இந்த இக்கட்டே வராது. அவருடைய லாகினை மூடிவிட்டு, அவருக்குத் தெரிந்த சர்வீஸ் பாஸ்வேர்ட்களைப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம்.

அதோடு இன்னொன்றையும் பாருங்கள். இணைய டொமைன் யார் பெயரில், யாருடைய மெயில் முகவரியில் பதிவாகியிருக்கிறது? டொமைன் வாங்கிக் கொடுத்தவரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால், புதுப்பிக்கும் நேரத்தில் அவரைத்தான் தேடிப் போகவேண்டும். தாராவியில் மறுசீரமைப்புத் திட்டத்தால் எந்தப் பட்டறை எங்கே போகும் என்ற கவலை பலருக்கு இருக்கிறது. இடம் மாறினாலும் வாடிக்கையாளர் உங்களைத் தேடி வரும் முகவரி இந்த டொமைன்தான். அது உங்கள் பெயரில் இருக்க வேண்டாமா?

சொந்த எக்ஸ்சேஞ்ச் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 பதிப்புகளுக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கோ கிளவுடுக்கோ மாறும்போது பழைய சர்வீஸ் அக்கவுன்ட்களை அப்படியே தூக்கிக்கொண்டு போகாமல், தேவையில்லாதவற்றைக் களைய இது நல்ல நேரம்.

ஏமாந்துவிட்டால் உடனே என்ன செய்வது?

பணம் போயிருந்தால் முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் போனில் சொல்லுங்கள். அதே மெயிலில் சொல்லாதீர்கள், அதை அவர்களும் படித்துக்கொண்டிருக்கலாம்.

மெயில்பாக்ஸில் ஃபார்வர்ட் ரூல் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் அது போகாது. ஆப் பாஸ்வேர்ட்களையும் வெளி அப்ளிகேஷன்களுக்குக் கொடுத்த அனுமதிகளையும் நீக்குங்கள்.

சட்டப்படியும் ஒரு கடமை இருக்கிறது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ம் தேதி வெளியிட்ட உத்தரவுப்படி, இதுபோன்ற ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்குப் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். சிறு, குறு நிறுவனங்களுக்கு இது 2022 செப்டம்பர் 25-ல் நடைமுறைக்கு வந்தது. எல்லாப் புரோகிராமும் ஒரே பாஸ்வேர்டில் ஓடினால், பதிவைப் பார்த்தும் யார் நுழைந்தார், எந்த வழியாக நுழைந்தார் என்று சொல்ல முடியாது. எல்லா வரியிலும் முதலாளியின் பெயர்தான் இருக்கும்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை

உங்கள் அலுவலகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. வேலை குறைவாக இருக்கும் ஒரு நாளில், ஐ.டி. ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலாளியின் மெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு ஒரு பில் அனுப்புங்கள், ஒரு பேப்பரை ஸ்கேன் செய்யுங்கள், மறுநாள் காலை பேக்கப் நடந்ததா என்று பாருங்கள்.

எதுவும் நிற்கவில்லை என்றால் நல்லது. ஏதாவது நின்றால், அதற்கு ஒரு தனி அக்கவுன்ட் உருவாக்கிவிட்டு, பட்டியலில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.